இரண்டு கால்

சான்றிதழில் என் பெயர்
விசலாட்சி என்றிருந்தது.
ச-வுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய துணைக்காலை
எங்கோ இறக்கிவிட்டு வந்திருந்தார்கள்.
தங்க முத்திரை இருந்தது, சிங்கம் இருந்தது,
சர்வதேச என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது.
காரைக்குடியில், லாட்ஜுக்கு மேலே இரண்டாம் மாடி,
பதினோரு மாதம், சனி ஞாயிறு மட்டும்,
இருபத்திரண்டாயிரம்.
தோட்டை அடகு வைத்துத்தான் கட்டினேன்.
முத்திரை மேல் விரல் வைத்தால் மேடு தட்டும்.
அப்போது அதுவே போதுமென்றிருந்தது.

கானாடுகாத்தானில் எங்கள் பள்ளி
ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் நடக்கிறது.
முன்கட்டில் சினிமா எடுக்க வந்தால்
எங்களுக்கு விடுமுறை.
மற்ற நாளில் ஆத்தங்குடிக் கல்லில்
ஒவ்வொரு பூவாய்த் தாண்டி எண்ணுவார்கள் பிள்ளைகள்.
ஏழிலிருந்து ஒன்பதுக்குத் தாவுகிறவனை
எட்டில் நிறுத்திப் பிடிப்பது என் வேலை.
மாதம் நாலாயிரத்து ஐந்நூறு.
வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே
'உதவியாளர்'.

தேவகோட்டையில் ஒரு நல்ல பள்ளியில் ஆள் எடுத்தார்கள்.
போனேன்.
அலுவலகத்தில் லூர்துசாமி என்றொருவர்
சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல, ஆனால் மரியாதையாக.
"இதை யாரு அங்கீகரிச்சிருக்காங்கம்மா?"
சிங்கத்தைக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டில் சொன்னார்கள்:
பிள்ளைகள் உன் சேலையைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்கின்றன,
அதைவிடப் பெரிய அங்கீகாரம் எது?
கேட்க அழகாகத்தான் இருந்தது.
மளிகைக்கடை வாசலில் நின்று
மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
துவரம்பருப்பு விலை அப்படியேதான் இருந்தது.

என் வகுப்பில் ஜுலைகா, நாலு வயது.
எதற்கும் ஒரே கேள்வி:
"யாரு சொன்னா?"
இன்று வெள்ளிக்கிழமை என்றால், யாரு சொன்னா.
யானைக்கு நாலு கால் என்றால், யாரு சொன்னா.
அந்தக் கேள்வியை அவளிடம் கடன் வாங்கிக்கொண்டு
மே மாத வெயிலில்
மூன்று இடம் ஏறி இறங்கினேன்.

முதல் இடத்தில்
எல்லா நாட்டிலும் செல்லும் என்றார்கள்.
யாரு சொன்னா?
மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள்.

இரண்டாவதில் காபி.
இன்றே சேர்ந்தால் பாதிக் கட்டணம்.
நான் வாயெடுப்பதற்குள்
அது கால் கட்டணம் ஆயிற்று.

மூன்றாவது, திருப்பத்தூர் போகிற சாலையில்,
சுண்ணாம்பு உதிர்கிற கட்டடம்.
சிங்கம் இல்லை.
மேசைக்குப் பின்னாலிருந்த அம்மாள் தலை நிமிராமல்
ஓர் ஆணை எண்ணும் தேதியும் எழுதித் தந்து
"நான் சொல்றதை நம்பாதீங்க,
பட்டியல்ல பாருங்க" என்றார்.

ஜெராக்ஸ் கடைக் கணினியில் பத்து ரூபாய்க்குப் பார்த்தோம்,
நானும் கடைப் பையனும்.
இருந்தது.
ஊர், மாவட்டம், எத்தனை இடம், எந்த ஆண்டிலிருந்து.
அப்படியே அந்த லாட்ஜ் மாடியையும் தேடச் சொன்னேன்,
ஒரு நப்பாசை.
வேறு வேறு எழுத்துக்கூட்டலில் தேடினான், பாவம்,
கால் சேர்த்து, கால் எடுத்து.

இரண்டு வருடம். முழுநாள் படிப்பு.
முடிக்கும்போது எனக்கு இருபத்தொன்பது.
ஜுலைகா ஒன்றாம் வகுப்புக்குப் போயிருப்பாள்.
தோடு இன்னும் மீளவில்லை.
ஜூன் திறப்பதற்குள் பள்ளியில் சொல்ல வேண்டும்,
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

விண்ணப்பத்தில்
கட்டம் கட்டமாகப் பெயர் கேட்டிருந்தது.
துணைக்காலுக்குத் தனிக் கட்டமா, எழுத்தோடு சேர்த்தா?
தினமும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவளுக்கு
அந்த இடத்தில் சந்தேகம் வந்தது.
கேட்டேன்.
அம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.
"சேர்த்தே எழுதுங்க."

சா.
லா.
மை காய்வதற்குள்
தவணையில் கட்டலாமா என்றும் கேட்டேன்.