குறைந்தபட்சத் தேவை

நான்கு இரவுகள் இறங்கியது அந்த ஆட்டம்.
டாங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டி
ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் முகம் திருப்பினால்தான்
சிக்னல் வரும்.
தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்திய கத்தலில்
கீழ்வீட்டு ருக்மாங்கதன் சார் ஓடிவந்து
யாருக்கும்மா என்ன ஆச்சு என்றார்.

குறைந்தபட்சத் தேவை என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள்.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டதைவிட நீளம்.
என் பெட்டிக்கு வயது பதினொன்று.
கார்டு, பெங்களூரில் வாங்கியது, மூன்றாம் கை.
பட்டியலில் நான் தேறியது
கீபோர்டில் மட்டும்.

ஞாயிறு காலை வந்துவிட்டார்கள்.
பர்கூரிலிருந்து சென்றாயன், இமையில் கிரானைட் தூசியோடு.
ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல், நவீத்.
திம்மராஜ் மகளோடு.
பஸ் ஸ்டாண்டு மாடியில்
மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்துக்
கருங்கணவாய் ஆடிய அதே நான்கு பேர்.
வீட்டில் நான் சொல்லியிருந்தது டைப்ரைட்டிங்.
இன்றுவரை எனக்கு
'அ' எங்கே இருக்கிறதென்று தேடித்தான் அடிக்க வேண்டும்.

சிபியூவின் பக்கத் தகட்டைக் கழற்றி
டேபிள் ஃபேனை நேராக அதன் நெஞ்சுக்குத் திருப்பினோம்.
மே மாதம். எங்களுக்குக் காற்று இல்லை.
நான் வேலை பார்க்கும் ஆலையின் மாங்கூழ் வாடை
என் சுடிதாரிலிருந்தே வந்தது.

பழைய மெட்டு தொடங்கியது,
இப்போது நூறு வயலின்களோடு.
நவீத் கண்ணைத் துடைத்தான்,
தூக்கம்டா என்றான், யாரும் கேட்கவில்லை.
பிறகு கணவாய்.
ஒவ்வொரு இலைக்கும் தனி நிழல்.
ஓடைத் தண்ணீரில் நிலா.
வீரன் ஒரு காலைத் தூக்கினான்.
காத்திருந்தோம்.
அந்தக் காலை வைத்தான்.

"இன்னாடா இது, கல்யாண ஆல்பமா?"
சென்றாயன் கேட்டான்.

வாயில்காவலன் வந்தான்.
அன்று பதினோரு கட்டங்களில் ஒரு முகம் அவனுக்கு.
"இப்ப மூக்கு வச்சிருக்காங்க பாரு."
"மூக்கு யாருடா கேட்டா?"
"குரலும் மாத்திட்டான்."
"அவன் பேசுனதே இல்லையே, நாமதானே பேசுனோம்."

மூன்றாம் கட்டத்தில் கிழக்குச் சுவர்.
அன்று அதற்குள் நுழைந்து போய்விடலாம்,
எழுதியவன் செய்த பிழை.
கண்டுபிடித்தவன் திம்மராஜ்.
ஊரில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை நாங்கள்,
கார்ப்பரேஷன் பேங்க் மேனேஜர் மகன்
பரோட்டா வாங்கித் தருகிறேன் என்றபோதும்.
திம்மராஜ் மவுசைப் பிடுங்கினான்.
முட்டினான். பின்வாங்கி முட்டினான்.
பத்தொன்பதாவது தடவை
மகள் சொன்னாள்:
"அப்பா, அது சுவரு."

நான் செட்டிங்ஸைத் திறந்தேன்.
நிழல்: வேண்டாம்.
புல்: வேண்டாம்.
இலை: மரம் என்று தெரிந்தால் சரி.
மூக்கு என்று தனியாக ஏதும் இல்லை, தேடிப் பார்த்தேன்.
தண்ணீர்: நீலமாக இருக்கட்டும்.
மிச்சமிருந்த அத்தனையும் கீழே, கீழே, அடிமட்டம்.

திரை ஒருமுறை கறுத்து விழித்தது.
தூரத்துக் கோட்டையைப் பனி மூடியது.
வீரன் ஓடினான்,
முழங்கை கூராக, முகம் சப்பையாக,
தடங்கலே இல்லாமல்.
"அரே," என்றான் நவீத், "இதுதான் அது."
எழுபது ஜிபி. நான்கு இரவு.
அன்று ஒரு சிடியில் பாதி கூட நிறையாமல் இருந்தது.
முதலில் சிரித்தவன் யாரென்று ஞாபகமில்லை,
நிறுத்தத்தான் முடியவில்லை.

டீ வாங்க இறங்கினேன்.
சையத் பாஷா மலையும் அன்றைக்கு
பாதிதான் லோடாகியிருந்தது,
வெயில் புகையில் கோட்டை பக்கம் ஒன்றும் வரவில்லை.

மேலே வந்தால் நாற்காலியில் திம்மராஜின் மகள்.
"அத்தை, நிலாவைத் திரும்ப வைங்க."
ஆடவே முடியாதுடி கண்ணு, நகராது.
"வைங்க."
வைத்தேன்.
ஃபேன் சத்தம் ஏறியது.
தண்ணீரில் நிலா வந்தது,
வீரன் ஒரு காலைத் தூக்கினான்,
அவள் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள்.

பின்னாலிருந்து திம்மராஜ்,
யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல:
"அந்தச் சுவர்கிட்ட,
கொஞ்சம் இடது பக்கமா
போய்ப் பாரேன்."