பத்தொன்பது

அதற்குத் தமிழில் பெயரில்லை.
மூன்று ஆங்கில எழுத்து, பின்னால் பத்தொன்பது,
டவுன் பஸ் நம்பர் மாதிரி.

வேலூரில் மே மாதம். இரவு பதினொன்று.
நுண்ணோக்கி இருக்கும் அறைக்கு மட்டும் ஏசி.
அதனால்தான் கடும் உழைப்பாளி என்று
டிபார்ட்மெண்டில் எனக்குப் பெயர்.

திரையில் ஒரு செல்லின் கரு.
பத்தொன்பது அதற்குள் பச்சைப் பொடியாய்த் தூவிக் கிடக்கிறது.
அதன் அன்றாடம் வெட்டுகிற கூட்டத்தோடு.
மரபணு சொல்லியனுப்பும் நீளச் சேதியில்
வேண்டாததைக் கத்தரித்து
வேண்டியதை ஒட்டும் கும்பலில் அதுவும் ஒரு கை.

லேசரால் ஒரு கோடு இழுக்கிறேன்.
டி.என்.ஏ. அறுந்துபோகிறது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, பாதி வெட்டிய சேதியை அப்படியே போட்டுவிட்டு
காயத்தின் மேல் வந்து நிற்கிறது பச்சை.
கோடு நெடுக.
எத்தனை தடவை பார்த்தாலும் பிடரி சிலிர்க்கிறது.

இந்த செல் பாட்டிலில் வளர்ந்தது, யாருடையதும் அல்ல.
ஐஸ்பெட்டியில் இருப்பது கன்னியப்பனின் ரத்தம்.

ராணிப்பேட்டை. குரோம் டிரம்மடியில் இருபத்தாறு வருஷம்.
மூக்குத் தண்டில் ஓட்டை.
ஒரு பக்கம் டார்ச் அடித்து
மறுபக்கம் வெளிச்சம் காட்டி அவரே சிரித்தார்.
நாற்பது நிமிஷம் பேசினார்:
நீலத்தோலை இழுக்கையில் நகக்கண் எரிவது,
கிணறு மஞ்சளான வருஷம் தொட்டியில் வாய் வைக்காத மாடு,
ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்த்துக் கணக்கில் வராத கூலி,
மச்சினி கல்யாணத்தில் பிரியாணி வாசம் தெரியாமலே
"சூப்பர்" என்று சொல்லிச் சமாளித்தது.

படிவத்தில் நான் எழுதியவை
வயது, பால், வேலை பார்த்த ஆண்டுகள்.
வெட்டி ஒட்டி ஒரே வரி.
சுத்தமான டேட்டா என்றார் கைடு.

போகும்போது கேட்டிருந்தார்:
"இன்னா மேடம், உள்ள ரிப்பேரு வேல நடந்துனு கீதா,
இல்ல அப்டியே உட்டுச்சா?"
ரிசல்ட் வர நாளாகும் என்று சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.
ரத்தினகிரி, விஷாரம், ஆற்காடு,
மணல் கூட மிச்சமில்லாத பாலாறு.
முத்துக்கடை டீக்கடையில் வைத்து
போனில் அந்தப் பச்சைக் கோட்டைக் காட்டினேன்.
உங்களுடையது இல்லை, ஆனால்
உங்களுக்குள்ளும் இது உண்டு, அண்ணே.
ஜெயிக்குமா என்று எனக்குத் தெரியாது.

டீ ஆறும்வரை பார்த்தார்.

"வெட்டறதும் அதான், ஒட்டறதும் அதான்,
அறுந்தா ஓடறதும் அதானா?
ஓவர்டைம் எதுனா குடுக்கறீங்களா அதுக்கு?"

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
திருப்பினேன்.
பின்பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது.