மிலென்காவின் நகராத படை

இரவு பதினொன்றுக்கு முறை புரளும்.
அதற்குள் ஆணைகளை அனுப்பியாக வேண்டும்.
நண்டு ஆலையில் எடை போடுகிறவன் நான்.
புந்தா அரேனாஸில் இது
ஆளைத் தெருவோடு உருட்டிப்போகும் காற்றின் மாதம்.
விரலில் இன்னும் ஓட்டு வாடை.
எதிரே பச்சை அட்டை நோட்டு.

எராஸ்மோவுக்கு அரைப் பக்கம் போதும்.
ஒரு கோட்டை விழுந்தால் கொதித்தெழுவான்.
எலும்புப்படை முன்னே, வில்லாளிகள் பின்னே,
கூலி காணாத வேதாளங்கள்
பாதி வழியில் கலைந்துபோகும்.
தீவுக்குப் போகும் படகில் வடம் கட்டுபவன்.
படகு ஓடாத நாளில் மட்டும் பயப்படு,
அன்றைக்கு அவனுக்கு யோசிக்க நேரமிருக்கும்
என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒசோரியோ தம்பதிக்கு ஒரே ராஜ்யம்.
வீட்டில் சண்டை நடந்த இரவுகளில்
இடப்பக்கச் சேனை மலையேறும்,
வலப்பக்கம் தூங்கும்.

ஐந்தாவது ராஜ்யம் நான்காம் முறையிலேயே அழிந்தது.
அழித்தது நான்.
அதைப் பற்றி நோட்டில் எதுவும் இல்லை.

மிலென்கா புவினிச்சுக்குப் பதினோரு பக்கம்.
கால்நடை மருத்துவர், அவசரம் அறியாதவள்.
முன்பொருமுறை என் அரக்கர்களை ஆற்றில் இறங்கவிட்டு
இடுப்பளவு நீருக்கு அவர்கள் வந்ததும்
ஆற்றை உறைய வைத்தாள்.
ஏழு பேர்தான் மிச்சம்.

இப்போது கரும்பல் கணவாயில் அவளுடைய நானூறு ஈட்டிகள்.
மூன்று முறையாக அசைவில்லை.
அதே முன்வரிசை, அதே வலச்சிறகு.
சோறு தீர்ந்து முப்பது பேர் ஓடிய பிறகும்
அதே.
என் காக்கை ஒற்றன் கோட்டையைச் சுற்றிவிட்டு வந்தது:
பன்னிரண்டு மந்திரவாதிகளில்
ஒருவரையும் காணோம்.

புலி பதுங்குவது பாயத்தான்
என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.
(எங்கள் பக்கம் புலி கிடையாது. பூமா உண்டு.
அதுவும் பதுங்கும்.)
கணவாய்ப் படை தூண்டில்.
மந்திரவாதிகள் தண்ணீருக்கடியில்.
போன மாதம் அவள் முத்து வாங்கிச் சேர்த்ததும்
இதற்காகத்தான்.
கணக்கு எவ்வளவு அழகாக வந்தது!
எழுந்து சமையலறையில் ஒரு நடை நடந்தேன்.

பத்து ஐம்பத்தேழுக்கு அனுப்பினேன்:
இரண்டாயிரம் வாள், ஏழு அரக்கர்,
ஒரு கிழட்டு டிராகன்,
எல்லாம் மேற்குக் கடற்கரைக்கு.
ஜன்னல் தடதடத்தது.
காலையிலிருந்து படகு ஓடவில்லை என்பது
எனக்குத் தெரியும்.
பதினோரு பக்கம் படிக்கிறவன்
அரைப் பக்கத்தை ஏன் புரட்டப்போகிறான்?

வடகோட்டைக்குள் எராஸ்மோ நடந்தே வந்தான்.
கதவு திறந்துதான் கிடந்தது.
இம்முறை வில்லாளிகள் முன்னே.

கடலிலிருந்து யாரும் வரவில்லை.
அடுத்த முறையிலும் இல்லை.
அதற்கடுத்த முறையில் கணவாய் காலியாயிற்று.
முந்நூற்றெழுபது ஈட்டிகளும்
என் கரைக்கு எதிர்க்கரையில் வந்து நின்றன,
கடலைப் பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமை ரொட்டிக்கடை வரிசையில்
எனக்கு முன்னால் மிலென்கா.
தீவுப் பண்ணையில் பத்து நாள், என்றாள்.
குட்டி போடும் காலம்,
போதாததற்கு மந்தையில் ஏதோ காய்ச்சல்.
சிக்னல் இல்லை, ஓர் ஆணையும் அனுப்பவில்லை.
மந்திரவாதிகளா?
கோபுரத்துக்குள் படித்துக்கொண்டிருந்தார்கள்.
காக்கைக்குக் கூரைதானே தெரியும்.

பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்:
திரும்பி வந்து இரண்டு இரவு தூங்காமல்
உன் நகர்வைத்தான் ஆராய்ந்தேன்.
சொல், அந்தக் கடலில் என்ன இருக்கிறது?

ஆட்டம் முடியட்டும், சொல்கிறேன் என்றேன்.
அவள் தலையசைத்தாள்,
ஒரு கிலோ ரொட்டி வாங்கினாள்,
தொப்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு
காற்றுக்குள் இறங்கினாள்.

இன்று பன்னிரண்டாம் பக்கம் தொடங்குகிறேன்.
அவள் பூட்ஸில் ஆட்டுச்சாணி இருந்தது.
காய்ந்திருந்தது.
எத்தனை நாள் காய்ச்சல் என்று
பார்க்காமல் விட்டுவிட்டேன்.