இரவு பத்துக்கு மேல்

பகலில் எடுத்தால் ஒன்றும் தெரியாது.
புழு நுரையீரலில் தூங்கும்.
பத்து மணிக்குமேல்தான் விரல்நுனிக்கு வரும்,
கொசு வரும் நேரம் அதற்குத் தெரியும்.
ஆகவே நாங்களும் இரவில்தான் போனோம்,
செம்பனைக்குள் மண்சாலையில் வேன் குலுங்க.

"விடிஞ்சா பெரட்டு, டாக்டரம்மா"
என்று முனகிக்கொண்டே
சன்னாசி விரலை நீட்டினார்.
ஒரு சொட்டு. வடிதாளில் காயவைத்தேன்.

முன்னூற்று இருபத்திரண்டு எழுத்து.
அதே வரியை முப்பதாயிரம் தடவை
எழுதி வைத்திருக்கிறது அந்தப் புழு,
பள்ளியில் தண்டனை எழுதும் பிள்ளை மாதிரி.
அந்த ஒரு வரியைப் படித்தே
இருபத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது.
வீட்டுத் தொலைபேசி எண் மறக்கிறது,
அது மறப்பதில்லை.

மாத்திரை கொடுத்து மூன்றாம் சுற்று.
பகாவ் தோட்டங்களில் நூற்றுநாற்பது பேர் ரத்தம்.
ஒப்புக்கு வைத்த புழுவைத் தவிர
ஜெல்லில் ஒரு கோடும் இல்லை.
மாணவர்கள் கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்,
கொஞ்சம் தாமதமாக.

கடைசிக் குழியில் மட்டும்
பளிச்சென்று, ஆரஞ்சு நிறத்தில்:
ஒட்டுக்கடைப் பூனை.

கடைக்காரர் முத்துராக்கு கேட்கிறார்,
"அதுக்கும் மாத்திரை இருக்கா?
மீன்ல வெச்சாத்தான் திங்கும்."