இருபத்து நான்கில் ஒன்று

கவன்ட்ரிக்குத் தெற்கே ஒரு தேவாலயக் கூடம்.
மேசைகளில் பச்சைத் துணி. வாசலில் தேநீர், ஐம்பது பென்ஸ்.
வாரத்தில் ஐந்து நாள் மெய்யான கார்களின் அடியில் நின்று
துருவைத் தட்டித் தட்டிக் கேட்கிறவன் நான்.
ஞாயிறன்று மட்டும்
உள்ளங்கையில் அடங்கும் கார்களின் முன்னால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன்.
தும்மினால் கண்ணாடித் துடைப்பான் பறந்துவிடும்.

வெர்னியர். உருப்பெருக்கி. பழைய விளம்பரக் கையேடு.
நானே நின்றும் படுத்தும் எடுத்த
நூற்றுப் பதினோரு படங்கள்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்பது
இங்கே செல்லாது;
பருக்கை பருக்கையாய் நசுக்கிப் பார்ப்போம்.
சக்கர வளைவு வட்டமா, முட்டையா?
கதவுக் கோடு எந்த இடத்தில் மனம் மாறுகிறது?
முகப்பு விளக்குகள் விழித்திருக்கின்றனவா,
இல்லை, தூங்கி வழிகின்றனவா?

இன்றைய பிரிவு: வெஸ்ட்கோட் மார்ட்லெட்.
ஐம்பது வருடத்துப் பழைய அச்சு.
கூரை இரண்டு மில்லிமீட்டர் உயரம்,
இது ஊரறிந்த குறை.
தொப்பி போட்ட தவளை என்பார் சக நடுவர் ட்ரெவர்.
ஆறு பேர் தூண்களை அறுத்து, புட்டி பூசி,
ஈரத்தாளில் தேய்த்துத் தேய்த்து
தவளையின் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள்.
ஏழாவது கார் அப்படியே நின்றது.

கிளெனிஸ் பார்ட்லம்.
மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
அவர் பூசிய சாயத்தில்
தோடம்பழத் தோல் போன்ற சுருக்கம் துளியும் இல்லை.
இருக்கைத் தையல்கூடத் தெரிந்தது.
இவ்வளவு செய்தவருக்குக் கூரை தெரியாமலா?

"இரண்டு மில்லிமீட்டர்" என்றேன்.
"இருபத்து நான்கால் பெருக்குங்கள்" என்றார்.
நாற்பத்தெட்டு.
"அச்சுக்காரர்களுக்கு வரைபடம் போனபோது
கார் இன்னும் கடைக்கு வரவில்லை.
முதல் மூன்று வண்டிகள் இந்த உயரம்தான்.
ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கிறதென்று
மேலே யாரோ முகம் சுளிக்க,
கூரையை இறக்கினார்கள்.
மூன்றையும் நசுக்கினார்கள்.
என் அண்ணன் அங்கே சோதனை ஓட்டுநர்.
ஆறடி நான்கு அங்குலம்.
தொப்பியைக் கழற்றாமல் அவன் ஓட்டிய ஒரே கார் அது."

என் நூற்றுப் பதினோரு படங்களிலும்
இறக்கிய கூரைதான்.
"ஏதாவது சான்று?"
அவர் கைப்பையைத் திறக்கவில்லை.
"நசுக்கினார்கள் என்றேனே."

படிவத்தில் ஒரு வரி: அசலோடு பொருத்தம், இருபதுக்கு.
எந்த அசல் என்று கேட்க அதில் இடமில்லை.
நான்கு வெட்டினேன்.
கோப்பை வேறொருவருக்குப் போனது.
கிளெனிஸ் தன் காரைக் கம்பளிக் காலுறைக்குள் செருகி
பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினார்.
கோபமாகத் தெரியவில்லை.
தேநீர் ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

திங்கள் காலை, முதல் வண்டியே ஒரு மார்ட்லெட்.
நிஜம். கருஞ்சிவப்பு. வருடாந்தரச் சோதனைக்கு.
விபத்தே கண்டதில்லை என்றார் உரிமையாளர்;
வெல்டுகளைப் பார்த்தேன், ஆலையில் போட்டவைதான்.
யாரும் கேட்காமலே
கூரை விளிம்பிலிருந்து தரைவரை நாடா பிடித்தேன்,
வலப்பக்கம், இடப்பக்கம்.
டயர் காற்றைச் சரிபார்த்து மறுபடியும் பிடித்தேன்.
ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம்.
இருபத்து நான்கால் வகுத்தால் கால்.
நேற்று அந்தக் கால் மில்லிமீட்டர் சாய்வுக்குத்தான்
மூன்றாம் மேசைப் பையனிடம் ஒரு மதிப்பெண் பறித்தேன்.

உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.
ஐந்தடி ஆறங்குலம் எனக்கு.
தலைக்கு மேலே ஒரு கை தாராளமாய் நுழைந்தது.
இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளி
நிமிர்ந்து, இன்னும் நிமிர்ந்து,
பிட்டத்தை எக்கித் தூக்கியதில்
உச்சி மயிர் கூரைத் துணியில் உரசியது.

வெளியே அடுத்த வண்டி ஒலி எழுப்பியது.
கைபிரேக் தளர்வு என்று எழுதி
மறுசோதனைக்கு அனுப்பினேன்.