ஒற்றை விசில்

டாக்டர் எழுதித் தந்த சீட்டில்
தலைக்கு ஒரு ஸ்கேன்,
காலை பத்தேகால்,
உலோகம் எதுவும் கூடாது.

முந்தின நாள் ராத்திரி
கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன்.
மூக்குக்கும் பலகைக்கும் நடுவே
ஒரு சாண் இருந்தது.
நூறு எண்ணத் தொடங்கி
முப்பத்தெட்டில் வெளியே வந்தேன்,
முழங்கையில் ஒட்டடையோடு.
"என்னத்தத் தேடுதிய?" என்றாள் விமலபாய்.
"செருப்பு."
செருப்பு வாசலில் கிடந்தது.
அவளுக்கும் தெரியும்.

பத்தொன்பது வருஷமாய்
தக்கலை நாகர்கோவில் வண்டியில் கண்டக்டர்.
ஐம்பத்தைந்து பேர் ஏறும் இடத்தில்
தொண்ணூறு பேருக்கு நடுவே நெளிந்து போய்
சில்லறை கொடுத்தவன்.
நெருக்கடி எனக்குப் புதிதில்லை.
ஆனால் அந்த நெருக்கடியில்
வியர்வை இருந்தது, சண்டை இருந்தது,
காலை மிதித்ததற்கு ஒரு வசவு இருந்தது.
ஜன்னல் இருந்தது.

குளிர்ந்த அறைக்கு வெளியே
ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
வாட்ச், பெல்ட்,
சோப்புக்கு மசியாமல் எண்ணெய்க்கு இறங்கிய மோதிரம்,
லீவு நாளிலும் பையில் கிடக்கும் விசில்.
எல்லாவற்றையும் விமலபாய்
கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.
இதயத்தில் கருவி உண்டா,
எலும்பில் கம்பி உண்டா என்று
தாளில் கட்டம் கட்டமாய்க் கேட்டிருந்தார்கள்.
பயம் உண்டா என்று
ஒரு கட்டமும் இல்லை.

ஷெர்லின் என்று பெயர் குத்தியிருந்த பிள்ளை
காதில் அடைப்பான் வைத்தாள்,
முகத்தின் மேல் ஒரு கூட்டைக் கவிழ்த்தாள்,
கையில் ரப்பர் உருண்டை ஒன்றைத் தந்தாள்.
"முடியலன்னா அமுக்குங்க. நிப்பாட்டிருவேன்."

ஒற்றை விசில்.
எனக்குத் தெரிந்த பாஷை அது.

பலகை நகர்ந்தது. கண்ணைத் திறந்தேன்.
அதுதான் தப்பு.
இமைக்கு மேலேயே வெள்ளை.
நெஞ்சுக்குள் யாரோ படிக்கட்டில் தொங்கிக்கொண்டு
உள்ளே போ, உள்ளே போ என்று கத்தினார்கள்.
அமுக்கினேன்.

வெளியே வந்து
கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
"நேத்து ஒரு போலீஸ்காரர்
மூணு தடவ அமுக்கினாரு" என்றாள் ஷெர்லின்.
நிஜமோ, எனக்காகச் செய்த போலீஸ்காரரோ,
கேட்கவில்லை.
"பேடிக்காண்டாம். உள்ள போறதுக்கு முன்னாடியே
கண்ண மூடிருங்க. துண்டு போட்டுத் தாறேன்.
வீட்டம்மாவ கால்மாட்டுல நிக்கச் சொல்லட்டா?"

விமலபாய் வந்தாள்.
கம்மல் இல்லாமல், மின்னு இல்லாமல்,
யாரோ ஒரு பெண் போல.
என் பெருவிரலைப் பிடித்தாள்.
அவள் உள்ளங்கை நனைந்திருந்தது.
என்னைவிட அவளுக்குத்தான் பேடி என்று தெரிந்ததும்
எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

டக் டக் டக்.
யாரோ வண்டியின் பின்பக்கம் தட்டுகிறார்கள்.
சரி, போலாம்.
இரட்டை விசில்.

தக்கலை. குளச்சல் மீன்கூடை ஒன்று,
லக்கேஜ் தரமாட்டேன் என்கிற கிழவி.
குமாரகோவில் விலக்கில்
ஷூ லேஸ் அவிழ்ந்த ஒரு பள்ளிக்கூடப் பையன்.
வில்லுக்குறியில் மழை,
ஷட்டரை இறக்கச் சொன்னால் ஒருத்தனும் அசையவில்லை.
தோட்டியோட்டில் சத்தம் மாறிற்று,
மரம் அறுக்கும் மில்லுக்குள் வண்டி புகுந்தது போல.
கை உருண்டையைத் தேடியது.
இன்னும் ஒரே ஸ்டாப்பு என்றேன்,
நிற்கிற பயணிகளிடம் வழக்கமாய்ச் சொல்லும் பொய்.
சுங்கான்கடை.
அப்புறம் பார்வதிபுரத்தில்
ஏத்தங்காய் சிப்ஸ் பொரியும் வாசனை,
சத்தியமாக வந்தது.
வடசேரிக்குத் திரும்பும் வளைவில்
எல்லாம் நின்றது.

வெளியே, மின்னு கொளுத்தை
அவள் கழுத்தின் பின்னால் நான்தான் மாட்டினேன்.
மூன்றாவது தடவைதான் மாட்டியது.
ரிசல்ட் வியாழக்கிழமை என்றார்கள்.
இன்று திங்கள்.
இடையில் உள்ள ஸ்டாப்புகளின் பெயர்
எனக்குத் தெரியாது.

"போற வழியில மட்டிப்பழம் வாங்கணும்"
என்றாள் விமலபாய்.
விசிலை எடுத்து என் பையில் போட்டாள்.