மூன்றாம் காட்சியில் ஒரு வரி

டர்ஹம் பக்கம். வேலைநிறுத்தத்தின் பதினோராவது மாதம்.
உண்டியல் குலுக்கிய கையோடு
க்வெண்டா தர்ல்வெல் எழுதிய நாடகம்.

கருங்காலிக்கு ஒரே வசனம்:
"பையனுக்கு ஷூ இல்லை."
ஒத்திகையில் டீ ஆறிப்போனது.

"வெட்டு" என்றார் சங்கச் செயலாளர் ஹெட்லி பாஸ்க்.
"நீ எந்தப் பக்கம்?"
இது என்ன கேள்வி.
வெட்டினாள். பென்சிலால்தான்.

சனிக்கிழமை இரவு, மன்றத்தில், அந்த இடம் வந்ததும்
நடித்தவன், அவனும் சுரங்கத்தான், சும்மா நின்றான்
அந்த வரி எடுக்கும் நேரம்.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி
மகனின் கால்களைத் தன் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.
பாஸ்க் கூரையைப் பார்த்தார்.

திங்கள், விடியுமுன், பனியில்,
கம்பிவலை போட்ட பஸ் வாயிலைக் கடந்தது.
எல்லாரையும்விடச் சத்தமாய்
"கருங்காலி!" என்று கத்தியது
க்வெண்டாதான்.
அன்று முழுதும் தொண்டை கட்டியிருந்தது.